செவ்வாய்க்கிழமை வெந்நீர்

ஒர்பெலினா வாய் திறக்கமாட்டாள் என்பது எங்கள் மலையூர் கிராசியாஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அக்கா தோமாசா இருந்தாள். சந்தையில் விலை பேசுவது, பாதிரியாரிடம் நலம் கேட்பது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் சண்டைக்குப் போவது எல்லாம் தோமாசா. ஒர்பெலினா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள்.

இருவரும் செலாக்கே மலைக் கிராமம் ஒன்றிலிருந்து சின்ன வயதில் இறங்கி வந்து காப்பிக்கொட்டை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீளமான மேசைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சி அரித்த கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளவேண்டும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அதனால் அந்த மேசையில் தோமாசாதான் ராணி. மேஸ்திரியின் பூட்ஸ் நாற்றத்திலிருந்து மேயர் வீட்டுக் கல்யாணம் வரைக்கும் அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பொறுக்குவார்கள். அவளைப் பெண் கேட்டு ஒருவன் வந்தான். தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அவள் சொன்னதும், தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். அந்தக் கதையையே தோமாசா மேசையில் ஒரு அறுவடைக்காலம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று இரண்டு பேரும் வருந்தவும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் தோமாசாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கஷாயம், ஊசி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அவளைச் சவப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. மேசைத் தோழிகள் வந்தார்கள், அழுதார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு வீடு கப்பென்று அடங்கிவிட்டது. ஒருநாள் கடையிலிருந்து திரும்பி வரும்போது ஒர்பெலினாவுக்கு ஒன்று உறைத்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, “அரை ராத்தல் பாலாடைக்கட்டி” என்பதுதான்.

கை முட்டிகளும் வீங்க ஆரம்பித்திருந்தன. ஆலை வேலையை விட்டாள். தோமாசாவின் அறையை வெள்ளையடித்து வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. தலைநகரத்திலிருந்து வருவார்கள், எல்லை தாண்டி சால்வதோரிலிருந்து வருவார்கள், முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வரும். வந்ததும் எல்லோரும் கேட்கிற மூன்று கேள்விகள்: வெந்நீர் ஊற்றுக்கு எப்படிப் போவது, நல்ல காப்பி எங்கே கிடைக்கும், வைஃபை உண்டா. ஒர்பெலினா முதல் இரண்டுக்கும் கையைக் காட்டுவாள். மூன்றாவதற்கு இல்லை என்று தலையை ஆட்டுவாள். இரண்டு நாள் இருப்பார்கள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சுகாதார நிலையத்து நர்ஸ்தான் அவளை ஊற்றுக்குப் போகச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை கையைச் சுடுதண்ணீரில் ஊறப் போடுங்கள், மாத்திரையைவிட அது கேட்கும் என்றாள். ஊற்று ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பாறையிலிருந்து வருகிற தண்ணீரைக் கல் தொட்டிகளில் பிடித்து விட்டிருக்கிறார்கள். கீழ்த்தொட்டி இதமாக இருக்கும், குழந்தைகளுக்கு. மேல்தொட்டியில் முட்டை வேகாது, அவ்வளவுதான். சனி ஞாயிறில் கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை காலையில் ஈ காக்கை இருக்காது என்று ஒர்பெலினாவுக்குத் தெரியும். பழைய டீ ஷர்ட்டும் முட்டி வரைக்கும் கால்சட்டையுமாக, பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு மேல்தொட்டிக்கு ஏறினாள். குளிர்நாள். எதிர்க்கரை தெரியாதபடி ஆவி பறந்தது.

கழுத்தளவு தண்ணீரில் அவள் உட்கார்ந்ததும் ஆவிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

“யாராவது வந்திருக்கீங்களா? இல்ல கல்லு ஏதும் உருண்டு விழுந்துச்சா?”

அவள் கழுத்தை இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கல்லுதான். பரவால்ல, கல்லுகிட்டப் பேசுறதுதான் நல்லது. குறுக்க பேசாது.”

ஒர்பெலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்தது.

“அடடே, இந்த ஊர்ல கல்லெல்லாம் சிரிக்குதே,” என்றது குரல்.

அப்படித்தான் தோன் கலிஸ்தோ அவளுக்குப் பழக்கமானார். வயதில் மூத்த ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோஞா என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பக்கத்து ஊர் லெபாயேராவில் தையல்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை விற்றுவிட்டு, கிராசியாஸில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது. தையல் மிஷினில் குனிந்து குனிந்து இடுப்பு போயிருந்தது. மருமகன் செவ்வாய்தோறும் வேலைக்குப் போகிற வழியில் விடியற்காலையிலேயே அவரை ஊற்றில் இறக்கிவிட்டு, மதியம் வந்து கூட்டிப்போவான். அதனால் எப்போது போனாலும் அவர் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பார். அவள் கிளம்பும்போதும் அங்கேயேதான் இருப்பார்.

முதல் சில வாரங்கள் அவர் பேச, அவள் கேட்டாள். அது அவளுக்குப் பழகின வேலை. மணப்பெண்ணின் கவுனில் இடுப்பை மூன்று தடவை பிரித்துத் தைத்தது, அப்புறம் ஏன் என்று ஆறே மாதத்தில் ஊருக்கே விளங்கியது என்று அவரிடம் நூறு கதை இருந்தது. ஒருநாள் அவர், “நானே பேசிட்டிருக்கேன். உங்க வீட்ல யாருமே பேசமாட்டாங்களா?” என்று கேட்டார். ஒர்பெலினா அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மேசையைப் பற்றி, மேஸ்திரியின் பூட்ஸைப் பற்றி, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடின மாப்பிள்ளையைப் பற்றி. சொல்லிக்கொண்டே போனாள். தோமாசா சொன்ன மாதிரியே சொன்னாள். எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் கேட்டது சும்மா போகவில்லை. தோன் கலிஸ்தோ சிரித்த சிரிப்பில் தண்ணீர் அலையடித்து அவள் தாடையில் வந்து மோதியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரம் முழுக்க அவள் செவ்வாய்க்கிழமைக்காகச் சேர்த்து வைத்தாள். வாடகைக்கு வந்த பெண் செருப்போடு கட்டிலில் ஏறியது, கோயில் மணி கயிறு அறுந்து சாமி கும்பிட வந்தவர் தலையில் விழுந்தது, எல்லாம் தொட்டிக்குப் போய்ச் சேரும். பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக் கல் விளிம்பில் அவர் பக்கமாகத் தள்ளி வைப்பாள். அவர் கை தடவி வந்து எடுத்துக்கொள்ளும். ஊற்று வாசலில் டிக்கெட் கொடுக்கிற நஹூனுக்கு இது வேடிக்கை. “சீக்கிரம் ஏறுங்க தோஞா, தோன் கலிஸ்தோ உங்களுக்காக மேல வெந்துகிட்டிருக்காரு” என்பான். அவள் கேட்காத மாதிரி போவாள். காது சிவந்துவிடும்.

ஊருக்குள் அவர்கள் சந்தித்ததில்லை. அவர் மகள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருகிறவர் அல்ல. அவளும் சந்தை, கோயில், வீடு என்று இருப்பவள். சந்திக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

ஜூலை மாதத்தில், பழங்குடித் தலைவன் ஒருவன் பெயரில் கொண்டாடுகிற லெம்பிரா நாள் வந்தது. எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய திருவிழா. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சோள மட்டையிலும் காப்பிக்கொட்டையிலும் உடை தைத்துப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பேண்டு, ஒன்றை ஒன்று மிஞ்சி அடிக்கும். பூங்கா ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒர்பெலினா, கூட்டத்தில் தோன் கலிஸ்தோவைக் கண்டாள். வெள்ளைச் சட்டை, தொப்பி, தடித்த கண்ணாடி. இருந்தாலும் அந்தத் தாடையும் காதும் அவளுக்குத் தெரியாதா. பக்கத்தில் மகளும் பேரப்பிள்ளையும். ஒர்பெலினா யோசிக்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முழங்கையைத் தொட்டு முகமெல்லாம் சிரித்தாள்.

அவர் திரும்பி அவளை நேருக்கு நேர் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, “மன்னிக்கணும்மா” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழி விட்டார். அவ்வளவுதான். மகளிடம் ஏதோ சொன்னார், மகளும் திரும்பிப் பார்த்தாள். பேண்டு காதைப் பிளந்தது. ஒர்பெலினா அவர் விட்ட வழியில் நடந்துபோனாள். வேறு என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். நீலச் சட்டை, பின்னல், வெயிலில் கறுத்த முகம், வீங்கின விரல்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போது இதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள எந்த மனுஷனுக்குத்தான் மனசு வரும் என்று நினைத்தாள். அழவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. விரல் வலி விடுமா. அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை போக ஆரம்பித்தாள். நஹூன் ஒருநாள் அவளிடம் தோன் கலிஸ்தோ விசாரித்ததாகவும், இப்போது வியாழன் வருகிறார்கள் என்று தான் சொன்னதாகவும் சொன்னான். அவள் சரி என்றாள். அந்த வியாழன் போனபோது மேல்தொட்டி காலியாக இருந்தது. அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். வருவதாக இருந்தால் வந்திருப்பாரே என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. பிளாஸ்க் எடுத்துப் போவதை நிறுத்தினாள். காலி வீட்டிலாவது அடுப்புச் சத்தம் உண்டு. அந்தத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது.

மழை போய், அறுவடை வந்து, களங்களில் காப்பி காய்ந்து, லாரிகள் ஏற்றிக்கொண்டு போயின. பிப்ரவரியில் கொமயாகுவாவிலிருந்து யாதிரா என்கிற பெண் வந்து அறையில் தங்கினாள். நாற்பது வயதிருக்கும். பல் செட்டு செய்யும் கடையில் வேலை. தனியாக வந்திருந்தாள், வாய் ஓயாதவள். வந்த அன்றே வெந்நீர் ஊற்றுக்குக் கூட வரச்சொல்லி ஒர்பெலினாவைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை போகலாம் என்று ஒர்பெலினா சொல்லிப் பார்த்தாள்.

“புதன்கிழமை விடிஞ்சா எனக்கு பஸ்ஸு. கடையில பல்லு இல்லாம நாலு பேரு காத்துகிட்டிருக்காங்க. நீங்க என்ன, தண்ணிக்கு நாள் நட்சத்திரமெல்லாம் பாப்பீங்களா?”

அவள் அவசரத்தில் பொழுது புலருமுன்பே கிளம்பி, முதல் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மேல்தொட்டியில் யாரும் இல்லை. ஒர்பெலினா தூரமாக, தண்ணீர் விழுகிற மூலையில் போய் உட்கார்ந்தாள். யாதிரா நடுவில் உட்கார்ந்து, சூட்டுக்கு ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. தோன் கலிஸ்தோ வந்தார். அவர் தண்ணீரில் இறங்குவதை ஒர்பெலினா பார்ப்பது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றித் தொப்பிக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு, அதுவரைக்கும் நிமிர்ந்து நடந்து வந்தவர், சுவரில் கையை வைத்து, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினார். யாதிரா எழுந்து கை கொடுத்தாள்.

“கண்ணு தெரியாமத் தனியா இறங்குறீங்களே, தோன்.”

“கண்ணாடி இருந்தா கழுகு மாதிரி பாப்பேன். கழட்டிட்டா என் கையே எனக்கு முட்டைக்கோஸ் மாதிரி தெரியும். நீங்க யாரு, வெளியூரா?”

யாதிராவுக்கு அது போதும், பேச்சைப் பிடித்துக்கொண்டாள். தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, பேச்சுத் துணைக்கு யாருமில்லையா என்று கேட்டாள். தோன் கலிஸ்தோ தண்ணீரைக் கையால் அளைந்தார்.

“ஒருத்தங்க இருந்தாங்க. அந்தப் பக்கமா உக்காருவாங்க, காப்பி குடுப்பாங்க. அவங்க ஒரு கதை சொன்னா இடுப்பு வலி போயிடும். திடீர்னு நாளை மாத்திட்டாங்க. நான் வேண்டாம்னுதானே நாளை மாத்துறது? பின்னால போய் நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

“பாக்க எப்படி இருப்பாங்க? நான் தங்கியிருக்குற வீட்டுக்காரம்மாகிட்ட விசாரிக்கலாம்.”

“அதான் வேடிக்கை. நான் அவங்க முகத்தைப் பாத்ததே இல்ல. ரோட்ல எதிர்ல வந்தாக்கூடத் தெரியாது. குரலைக் கேட்டாச் சொல்லிடுவேன். பேரு ஒர்பெலினா.”

யாதிரா மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தாள். ஒர்பெலினா விரலை உதட்டில் வைத்தாள். யாதிரா, அவ்வளவு பேசுகிறவள், வாயை மூடிக்கொண்டாள்.

இப்படியே இருந்துவிடலாம் என்று ஒர்பெலினாவுக்குத் தோன்றியது. அவர் மதியம் போய்விடுவார். யாதிரா நாளைக்குப் போய்விடுவாள். ஏழெட்டு மாதத்தைத் தானே கெடுத்துக்கொண்டது வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் யாரும் பேசாததைக் கவனித்துத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

“லெம்பிரா நாள்ல பாத்தீங்க,” என்றாள். “நல்லாப் பாத்துட்டு வழி விட்டீங்க.”

தோன் கலிஸ்தோ குரல் வந்த மூலைப் பக்கம் திரும்பினார்.

“நீலச் சட்டையா?” என்றார்.

“ஆமா.”

“யாரோ அம்மா கூட்டத்துல வழி கேக்குறாங்கன்னு நெனச்சேன். மகளும் அதைத்தான் சொன்னா.” அவர் குரல் கனத்தது. “ஏன் தோஞா, ஊரே கத்திக்கிட்டிருந்துச்சே, நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?”

“எனக்கு வெளியில பேச வராது,” என்றாள் ஒர்பெலினா.

அவர் கோபித்துக்கொண்டார். உண்மையாகவே கோபம். கடைக் காப்பியைக் குடித்துக் குடித்து வயிறு புண்ணாகிவிட்டது என்றார். கல்லென்று நினைத்தது சரியாகத்தான் போயிற்று என்றார். பிறகு கோபம் நடுவிலேயே சிரிப்பாக மாறியது. யாதிராதான் அழுதாள், வெந்நீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து பூங்காவில் சந்திக்கலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்றார். ஒர்பெலினா பின்னலைத் திருத்தி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள். பூங்கா நடுவில் இருக்கும் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். காப்பி வந்தது, ரொட்டி வந்தது. இந்த வருஷம் காப்பி விலை பரவாயில்லை என்றார் அவர். அவள் ஆமாம் என்றாள். வெயில் அதிகம் என்றாள். அவர் ஆமாம் என்றார். பக்கத்து மேசையில் அவளுக்குத் தெரிந்த இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றி விளிம்பைக் கசக்கினார். காப்பி முடிந்ததும் இருவரும் எழுந்து, ஏதோ ஆபீஸ் வேலை முடிந்த மாதிரி கைகொடுத்துவிட்டுப் பிரிந்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, முகம் பிடிக்கவில்லை போல என்று பழைய யோசனை எட்டிப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை அவள் காலைத் தண்ணீரில் வைத்ததும், “அந்தக் கடை ரொட்டி செருப்புத் தோல் மாதிரி இருந்துச்சுல்ல?” என்றார் அவர். அவளுக்கு உயிர் வந்தது. பக்கத்து மேசைக்காரிகளில் ஒருத்தி ஒட்டுக்கேட்பதற்காக நாற்காலியோடு நகர்ந்து வந்ததை அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மறுபடி பூங்காவில் சந்திக்கலாம் என்று இருவருமே கேட்கவில்லை.

மார்ச்சு கடைசியில் அவர் விஷயத்தைச் சொன்னார். மருமகனுக்கு சான் பெத்ரோ சூலாவுக்கு மாற்றலாகிவிட்டது. குடும்பம் புனித வாரத்துக்குப் பிறகு கிளம்புகிறது. அவரும் போகவேண்டும். தான் மட்டும் இங்கே இருக்கலாமா என்று மகளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாராம். கண்ணு சரியாகத் தெரியாத உங்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்றாளாம் மகள். ஒர்பெலினாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்தது. அக்கா அறை இருக்கிறது, சோளரொட்டி சுடத் தெரியும் என்று. ஊர் என்ன சொல்லும், மகள் என்ன சொல்லும், பூங்கா மேசையில் உட்கார்ந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் நாளெல்லாம் எப்படி உட்கார்ந்திருப்பது. அந்தப் பதில் வெளியே வரவில்லை. அவரும் கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருந்துவிட்டு, சான் பெத்ரோ வெயிலில் வெந்நீருக்குச் செலவே இல்லை, குழாயைத் திறந்தாலே கொதிக்குமாம் என்று பேச்சை மாற்றினார்.

போன பிறகு ஒருமுறை போன் பண்ணினார். வண்டிச் சத்தமும் டிவி சத்தமும் குழந்தை அழுகையும் நடுவில், கேட்குதா கேட்குதா என்றே பாதி நேரம் போனது. அவள் கேட்குது என்று சொன்னாள். வேறு ஒன்றும் அவளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் இரண்டு தடவை அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு தடவை பேத்தி எடுத்துத் தாத்தா தூங்குகிறார் என்றாள். மறு தடவை யாரும் எடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது ஒர்பெலினா அவர்களுக்குக் கையைக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. மேல்தொட்டி சூடு தாங்குமா என்று கேட்கிறாள், செவ்வாய்க்கிழமை போங்கள் என்கிறாள். அவர்கள் போனைப் பார்த்தபடி தலையாட்டுவார்கள். சிலர் நின்று பதில் சொல்வதும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை அவள் மேல்தொட்டியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் வாடகைக்கு வந்த ஆள், பல்லி விழுந்த சூப்பை ருசியாக இருக்கிறது என்று முழுக்கக் குடித்திருந்தான். அதை அவள் ஆவியைப் பார்த்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். வாய்விட்டுத்தான் சொன்னாள். பாதியில், கீழே படியைக் கூட்டிக்கொண்டிருந்த நஹூனின் துடைப்பச் சத்தம் நின்றது.

“யார்கிட்டப் பேசிட்டிருக்கீங்க, தோஞா?”

“யார்கிட்டயும் இல்ல.”

துடைப்பம் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி நின்றது.

“அப்புறம், சூப்பைக் குடிச்சவன் என்ன ஆனான்?” என்றான் அவன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கீழே நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.